ஆன்டிக் வேறு, ஆன்டிக்விட்டி வேறு: செட்டிநாட்டுத் தூணுக்கு இரண்டு பெயர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளின் பலகைகளில் "ஆன்டிக்" என்ற சொல் தாராளமாகத் தென்படும். தேக்குத் தூண், பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ரவி வர்மா அச்சுப்படம் எல்லாமே அங்கே ஆன்டிக்தான். அந்தக் கடையில் வாங்கிய ஒரு பெட்டியைக் கப்பலிலோ விமானத்திலோ வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி மட்டும் வேறு மாதிரி இருக்கும்: "இது ஆன்டிக்விட்டி இல்லை என்பதற்குச் சான்றிதழ் இருக்கிறதா?"

வாங்கியவர் குழம்பிப்போகிறார். ஆன்டிக் என்று சொல்லித்தான் விலை ஏற்றி விற்றார்கள். ஆன்டிக்விட்டி இல்லை என்று நிரூபித்தால்தான் அனுப்ப முடியும் என்கிறார்கள். ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றும். இருவருமே உண்மை பேசியிருக்கக்கூடும். குழப்பத்துக்குக் காரணம், ஒரே வேரில் கிளைத்த இரண்டு ஆங்கிலச் சொற்கள். பேச்சு ஆங்கிலத்தில் அவற்றுக்கு ஒரு பொருள், இந்தியச் சட்டத்தில் இன்னொரு பொருள். செட்டிநாட்டு வீடுகளின் வயது இந்த வேறுபாட்டை ஆண்டுதோறும் அவசரமானதாக்கிக்கொண்டு வருகிறது.

ஆங்கிலத்தில் இரண்டும் எப்படிப் பிரிகின்றன

இரண்டுக்கும் மூலம் 'பழைய' என்று பொருள்படும் 'ஆன்டிகுவுஸ்' என்ற இலத்தீன் சொல். ஆங்கிலத்தில் அவை தனித்தனி வழியில் போய்விட்டன.

1. ஆன்டிக் என்பது பெயராகவும் வரும், அடைமொழியாகவும் வரும். பழைமையாலும் வேலைப்பாட்டாலும் மதிப்புப் பெற்று, வாங்கவும் விற்கவும் சேர்க்கவும் ஆள் இருக்கிற பொருளை அது குறிக்கும். நாற்காலி, கடிகாரம், விளக்கு, பெட்டி போன்ற புழங்குபொருள்களோடுதான் அதிகம் சேரும். அந்தச் சொல்லில் சந்தையின் வாசனை உண்டு.

2. ஆன்டிக்விட்டி என்பது பெயர்ச்சொல் மட்டுமே. அதற்கு மூன்று பொருள்கள். முதலாவது, தொன்மை என்கிற பண்பு. இரண்டாவது, பண்டைக்காலம் என்கிற காலப்பகுதி. ஐரோப்பிய வரலாற்று நூல்களில் இது கிரேக்க, ரோமானியக் காலத்தைக் குறித்து, மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்த ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டி முடியும். மூன்றாவது, அந்தக் காலத்திலிருந்து எஞ்சிய பொருள்கள். இந்தப் பொருளில் பெரும்பாலும் பன்மையில்தான் வரும்.

வேறுபாட்டை நம் பக்கத்து உதாரணங்களில் பார்க்கலாம். பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோவிலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அதன் ஆன்டிக்விட்டியை, அதாவது தொன்மையை, வியக்கலாம். அதை 'ஆன்டிக் கோவில்' என்று எழுதினால் யாரோ கோவிலை விலைக்கு வைத்ததுபோல் ஒலிக்கும். கீழடியில் குழியிலிருந்து எடுத்த பானை ஓடு ஆன்டிக்விட்டி. அதே சிவகங்கை மாவட்டத்தில் ஒரு வீட்டின் வளவில் தொங்கும் ஊஞ்சல் பலகை ஆன்டிக். லண்டன் ஏல நிறுவனங்களில் ஆன்டிக்விட்டி என்ற பெயரில் இயங்கும் பிரிவு எகிப்து, கிரேக்கம், ரோம் நாட்டுப் பழம்பொருள்களை விற்கும். 1820இல் செய்த ஆங்கிலேய நாற்காலி அந்த வாசலுக்குள் நுழையாது. அது மரச்சாமான் பிரிவுக்குப் போய்விடும்.

ஆக, பேச்சு ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இடையே ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு இடைவெளி இருக்கிறது. தமிழில் முதலாவதைப் பழம்பொருள் என்றும் இரண்டாவதைத் தொல்பொருள் என்றும் பிரித்துச் சொல்ல நல்ல வசதி உண்டு. செய்திகளில் அந்த வசதியை நாம் பயன்படுத்துவதில்லை. சிலை பிடிபட்டாலும் சீட்டுப்பெட்டி விற்றாலும் பழம்பொருள் என்றே போட்டுவிடுகிறோம்.

கூடவே புழங்கும் வேறு இரண்டு சொல்களையும் ஓரமாக வைத்துவிடலாம். 'வின்டேஜ்' என்பது முதலில் திராட்சை மதுவின் அறுவடை ஆண்டைக் குறித்தது. இப்போது ஒரு குறிப்பிட்ட காலத்தின் பாணியைத் தெளிவாகக் காட்டும் பொருள் எதற்கும் வழங்குகிறது. பிரிட்டனில் கார் சேகரிப்பவர்கள் மட்டும் அதை 1919 முதல் 1930 வரை செய்த வண்டிகளுக்கென்று கறாராக வைத்திருக்கிறார்கள். நகைக்கடை விளம்பரங்களில் வரும் 'ஆன்டிக் நகை' பெரும்பாலும் நேற்று வார்த்த தங்கம்தான். மெருகைக் குறைத்து, கறுப்பு ஏற்றி, பழையதுபோல் காட்டுகிறார்கள். அந்த இடத்தில் ஆன்டிக் என்பது வயதைச் சொல்லவில்லை, வண்ணப்பூச்சைச் சொல்கிறது.

சட்டம் வந்து கோட்டை இழுத்த இடம்

இந்தியாவில் இந்தக் கணக்கை மாற்றி எழுதியது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம். 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு 1947இல் இயற்றிய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. புதிய சட்டம் தலைப்பிலேயே ஆன்டிக்விட்டி என்ற சொல்லை வைத்துக்கொண்டு, அதற்கு அகராதி சொல்லாத ஒரு வரையறையைக் கொடுத்தது.

அந்த வரையறைப்படி, கீழ்க்கண்டவற்றில் ஒன்றாக இருந்து, நூறு ஆண்டுக்குக் குறையாமல் இருந்துவரும் பொருள் ஆன்டிக்விட்டி:

1. நாணயம், சிற்பம், ஓவியம், கல்வெட்டு, அல்லது வேறு கலைப்படைப்போ கைவினைப்படைப்போ;
2. ஒரு கட்டடத்திலிருந்தோ குகையிலிருந்தோ பெயர்த்தெடுத்த எந்தப் பொருளும்;
3. கடந்த காலத்தின் அறிவியல், கலை, கைவினை, இலக்கியம், மதம், வழக்கம், ஒழுக்கம், அரசியல் ஆகியவற்றை விளக்கிக் காட்டும் பொருள்;
4. வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருள்;
5. மத்திய அரசு அறிவிக்கை மூலம் ஆன்டிக்விட்டி என்று அறிவித்த பொருள்.

கையெழுத்துப் படிகளுக்கும் ஆவணங்களுக்கும் வயது வரம்பு இன்னும் குறைவு. அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் ஆகிய ஏதேனும் ஒரு வகையில் மதிப்புள்ளவை என்றால் 75 ஆண்டு போதும்.

இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் மூன்று விஷயங்கள் கண்ணில் படும். முதலாவது, விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. நெல் அளந்த மரக்காலும், நகை வைத்த பெட்டகமும் சட்டத்தின் முன் சமம். வயதும் வகையும்தான் கேள்வி. இரண்டாவது, ஆயிரம் ஆண்டு, ரோமானியக் காலம் என்ற எண்ணமெல்லாம் இங்கே செல்லாது. தாத்தாவின் அப்பா காலத்துச் சாமானே போதும். மூன்றாவதுதான் செட்டிநாட்டுக்கு நேரடியாக வந்து விழுவது: கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருள்.

வேடிக்கை என்னவென்றால், உலகம் முழுவதும் நூறு ஆண்டு என்ற அளவுகோலைப் பெற்ற சொல் ஆன்டிக்தான். நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சுங்கப் பொருள் பட்டியலில் 97.06 என்ற தலைப்பு 'நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஆன்டிக்குகள்' என்றே இருக்கிறது. 1970இல் யுனெஸ்கோ கொண்டுவந்த, பண்பாட்டுப் பொருள்களின் கள்ளப் போக்குவரத்தைத் தடுக்கும் உடன்படிக்கையோ நூறு ஆண்டுக்கு மேற்பட்ட மரச்சாமான்களை ஒரு வகையாகவும், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஆன்டிக்விட்டிகளை, கல்வெட்டு, நாணயம், முத்திரை என்ற உதாரணங்களோடு, இன்னொரு வகையாகவும் பிரித்தே வைக்கிறது. இந்தியா 1977இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. நம் சட்டம் இந்த எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, மேலே ஆன்டிக்விட்டி என்று ஒட்டிவிட்டது. கடைக்காரர் மனத்தில் இருக்கும் ஆன்டிக்கும், சுங்க அதிகாரி கேட்கும் ஆன்டிக்விட்டியும் மோதிக்கொள்வது இங்கேதான்.

நிற்கும் தூணும் கழன்ற தூணும்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பெரும்பான்மை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையே எழுந்தவை. பர்மா, மலாயா, இலங்கை, இந்தோசீனா என்று வட்டித்தொழில் விரிந்த காலம் அது. பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. ஐரோப்பாவிலிருந்து கண்ணாடியும் சரவிளக்கும் வந்தன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தப் பணவரத்து அறுந்தது. பிறகு வாரிசுகள் பெருகினார்கள், ஊர் ஊராகப் பிரிந்தார்கள். ஒரே வீட்டில் பல பங்காளிகளுக்குப் பங்கு. பராமரிக்க ஆளில்லை; விற்க எல்லோரும் ஒப்பினால் இடிப்பதற்கென்றே வாங்குவோர் உண்டு.

இப்போது சட்டத்தின் கண்ணால் அந்த வீட்டைப் பார்ப்போம். நூறு ஆண்டு நிறைந்த ஒரே காரணத்தால் ஒரு வீடு பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடாது. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி அதைத் தேசிய முக்கியத்துவம் உள்ளது என்று தனியாக அறிவிக்க வேண்டும். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பட்டியல் உலகப் பாரம்பரியச் சின்னமாக நியமனம் கோருவதற்கு முந்தைய படி மட்டுமே. தனியார் வீட்டை இடிப்பதை அது தடுக்காது. ஆகவே, வேறு தடை எதுவும் இல்லாத நூறு ஆண்டு வீட்டை உரிமையாளர்கள் இடித்துத் தள்ளலாம்.

இடித்த பிறகுதான் சட்டம் விழிக்கிறது. முகப்பில் நின்றபோது வீட்டின் ஓர் உறுப்பாக இருந்த தேக்குத் தூண், கழற்றித் தரையில் கிடத்திய கணத்தில் 'கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள்' ஆகிறது. அதற்கு நூறு வயது இருந்தால் அது ஆன்டிக்விட்டி. முழு வீட்டுக்குக் கிடைக்காத கவனம் அதன் ஒற்றைத் தூணுக்குக் கிடைக்கிறது. நிலைக்கதவு, கஜலட்சுமி செதுக்கிய மேல்நிலை, உத்தரம், சன்னல் கம்பி, பூக்கல் பதித்த தரைத்துண்டு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 1972இல் இந்த வரியை எழுதியவர்கள் மனத்தில் கோவிலிலிருந்து பெயர்த்த சிற்பம்தான் முதன்மையாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் எழுதிய வரி செட்டிநாட்டு வீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

வெறும் உத்தரக்கட்டையும் ஆன்டிக்விட்டியா என்று கேட்கலாம். எழுத்தை மட்டும் பார்த்தால் ஆம். நடைமுறையில் எது ஆன்டிக்விட்டி, எது இல்லை என்பதில் ஐயம் எழுந்தால் முடிவு சொல்வது இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநரோ அவர் அதிகாரமளித்த அலுவலரோதான். சட்டத்தின் 24ஆம் பிரிவு அந்த முடிவை இறுதியானதாக்குகிறது. பழைய உத்தரத்தை அறுத்து இன்று செய்த மேசை வேறு கணக்கு: மரம் பழையது, வேலை புதியது. கைவினைப்படைப்பு என்ற வகையில் அந்த மேசைக்கு வயது இன்றிலிருந்து தொடங்கும். காரைக்குடியிலிருந்து வெளியூர் ஓட்டல்களுக்கும் பண்ணை வீடுகளுக்கும் போகிற சாமான்களில் இந்த வகை நிறையவே உண்டு. கடைக்காரர் அதையும் ஆன்டிக் என்றுதான் சொல்வார். அகராதி கண்டிக்கும், சட்டம் கண்டுகொள்ளாது.

நகர்ந்துகொண்டே வரும் கோடு

ஆன்டிக்விட்டியின் வரையறையில் ஓர் ஆண்டு எண் எழுதியிருந்தால் வேலை எளிது. அப்படி எழுதவில்லை, 'நூறு ஆண்டுக்குக் குறையாமல்' என்று எழுதியிருக்கிறார்கள். கோடு ஆண்டுக்கு ஓர் ஆண்டு முன்னால் வருகிறது.

சட்டம் நடைமுறைக்கு வந்த 1976இல் அந்தக் கோடு 1876இல் நின்றது. அப்போது செட்டிநாட்டு மாளிகைகளில் மிகப் பெரும்பகுதி கோட்டுக்கு இந்தப் பக்கம். அவற்றின் தூண்களும் கதவுகளும் ஆன்டிக் என்ற பெயரில் தாராளமாக வெளியேறலாம். 2000த்தில் கோடு 1900க்கு வந்தது. 1929இல் கட்டி முடித்த வீட்டின் தூண் 2029இல் கோட்டைத் தாண்டும். 1942இல் பர்மா வரவு நிற்பதற்குச் சற்று முன் கட்டிய கடைசி அலை வீடுகள் 2040களின் தொடக்கத்துக்குள் தாண்டிவிடும். அதாவது, கடைகளில் இன்று ஆன்டிக்காக இருக்கிற சரக்கு விற்காமல் கிடந்தால், யாரும் தொடாமலேயே அது ஆன்டிக்விட்டி ஆகிவிடும். வாங்கியபோது உரிமம் தேவைப்படாத பொருள், விற்கும்போது உரிமம் கேட்கலாம்.

காகிதங்களில் கோடு ஏற்கெனவே வெகுதூரம் கடந்துவிட்டது. 75 ஆண்டு என்பதால், 1942இல் ரங்கூன் கடையை மூடிவிட்டு வந்தவர்கள் கையில் கொண்டுவந்த பேரேடு 2017இலேயே வயது வரம்பை எட்டிவிட்டது. பினாங்கிலிருந்தும் சைகோனிலிருந்தும் வந்த கடிதக் கட்டுகள், திருமணத்தில் எழுதிய இசைகுடிமானம், மொய்க் கணக்கு, வீடு கட்டிய செலவுக் கணக்கு எல்லாம் இந்த வகையில் வரக்கூடியவை. வயதோடு வரலாற்று மதிப்பும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த மதிப்பை யாரும் சோதிப்பதற்குள் பல வீடுகளில் அவை எடைக்குப் போய்விடுகின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தன. ஆனால் தொகுப்பு கடல் கடக்கவில்லை, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக 1994 முதல் இயங்குகிறது. எடைக்குப் போயிருக்கக்கூடிய காகிதம் ஆய்வாளர்களை அழைக்கும் ஆவணமானதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த வட்டாரத்தில் இல்லை.

வயதை எதை வைத்துச் சொல்வது

எல்லாம் ஆண்டில் வந்து நிற்பதால், ஆண்டைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான சிக்கல். 'நூறு வருஷத்துக்கு மேலே இருக்கும்' என்ற கடைப்பேச்சை விலை பேசும்போது மட்டும் வைத்துக்கொள்ளலாம். பொருளே சில தடயங்களைத் தரும்.

1. நாட்டின் பெயர். எனாமல் பாத்திரத்தின் அடியில் செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருந்தால் அது 1918 அக்டோபருக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. மேல் எல்லை கிடைத்துவிட்டது. கீழ் எல்லைக்கு வேறு தடயம் தேட வேண்டும்.

2. பாத்திரத்தில் கொத்திய எழுத்து. செட்டிநாட்டில் சீர்ச் சாமான்களில் உரியவரின் பெயரெழுத்துகளைக் கொத்தும் வழக்கம் உண்டு. சிலவற்றில் தமிழ் ஆண்டின் பெயரும் இருக்கும். இங்கேதான் கவனம் வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 'பிரபவ' என்று கொத்திய அண்டா 1867ஆம் ஆண்டினதா, 1927ஆம் ஆண்டினதா? முன்னது என்றால் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தபோதே அது ஆன்டிக்விட்டி. பின்னது என்றால் 2027இல்தான் அந்த நிலையை அடையும். கொத்தியிருக்கும் எழுத்தின் வடிவம், பெயருக்குரியவர் குடும்ப வரிசையில் எத்தனையாவது தலைமுறை என்ற செய்தி, இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய முடியும். 1987ஆம் ஆண்டின் பிரபவவும் உண்டு. அது எவர்சில்வர் காலம், குழப்பம் குறைவு.

3. வீட்டின் ஆவணம். முகப்பில் சுதையில் எழுதிய ஆண்டு, கட்டுமானச் செலவுக் கணக்கு, பாகப்பிரிவினைப் பத்திரம். தூணின் வயதைச் சொல்ல இதைவிட நம்பகமான சாட்சி கிடையாது. ஆனால் இடிக்கும்போது தூண் ஒருவரிடமும் காகிதம் எடைக்கடைக்கும் போவதால் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. அதன்பின் அந்தத் தூணைப் பற்றி எவர் என்ன சொன்னாலும் அது யூகம்தான்.

4. அச்சுப்படங்கள். ரவி வர்மா 1894இல் பம்பாயை ஒட்டிய காட்கோபரில் அச்சகம் தொடங்கினார். 1901இல் அது கைமாறியது. அவர் 1906இல் மறைந்தார். அச்சகமோ அவர் காலத்துக்குப் பிறகும் படங்களை அடித்துக்கொண்டே இருந்தது. எனவே படத்தில் அவர் பெயர் இருப்பது மட்டும் நூறு ஆண்டுக்குச் சான்றாகாது.

ரவி வர்மா பெயரோடு மூன்றாவது ஒரு சொல்லும் வந்து சேர்கிறது. அதே சட்டம் 'கலைக் கருவூலம்' என்று ஒரு வகை வைத்திருக்கிறது: ஆன்டிக்விட்டி ஆகும் வயது இல்லாவிட்டாலும், மறைந்த கலைஞர் ஒருவரின் படைப்பை அதன் கலை மதிப்புக்காக அரசு அறிவித்து ஏற்றுமதியைத் தடுக்கலாம். ரவி வர்மா, ரவீந்திரநாத் தாகூர், அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய் உள்ளிட்ட ஒன்பது கலைஞர்கள் இதில் வருகிறார்கள். ரவி வர்மா 1906இல் மறைந்ததால், அவர் கையால் தீட்டிய ஓவியம் எதுவும் இப்போது நூறு வயதைக் கடந்ததே. நம் வீட்டுச் சுவர்களில் தொங்குபவை பெரும்பாலும் அச்சுப்படங்கள். அவை இந்தப் பெருமைக்கு உரியவை அல்ல, வயதுக் கணக்குக்கு மட்டும் உட்பட்டவை.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

1. வைத்திருப்பது குற்றமல்ல. ஆன்டிக்விட்டி வீட்டில் இருந்தால் அரசு வந்து எடுத்துக்கொள்ளும் என்ற அச்சம் கிராமங்களில் உண்டு. பொது இடத்தில் வைத்துப் பாதுகாக்க ஒரு பொருளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு 19ஆம் பிரிவில் இருக்கிறது என்பது உண்மை. அதற்கு இழப்பீடு தர வேண்டும். வழிபாட்டில் உண்மையாகவே இருந்துவரும் பொருளை அந்தப் பிரிவின் கீழ் எடுக்க முடியாது.

2. சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும். கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு ஆகியவற்றாலான சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த கையெழுத்துப் படிகள், பின்னர் சேர்த்த மரச்சிற்பங்கள் ஆகியவை இந்தப் பட்டியலில் உள்ளன. பூசை அறையில் இருக்கும் பழைய செப்புத் திருமேனி இதில் வரும். பித்தளை அண்டா வராது. பதிவு செய்த பொருள் கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

3. ஆன்டிக்விட்டியை விற்கும் தொழில் நடத்த உரிமம் வேண்டும். உரிமமின்றி நடத்தினாலும், பதிவு செய்யத் தவறினாலும் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பொருளையும் பறிமுதல் செய்யலாம்.

4. நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தனியாருக்கு அனுமதி இல்லை. மத்திய அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ மட்டுமே அனுப்பலாம். ஏற்றுமதி என்றால் வியாபாரம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தில் ஏற்றுமதி என்பது இந்தியாவிலிருந்து வெளியே எடுத்துச் செல்வது, அவ்வளவுதான். சிங்கப்பூரில் குடியிருக்கும் பேரன் தன் பங்குக்கு வந்த பாட்டியின் நகைப்பெட்டியைத் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனாலும் ஏற்றுமதியே. வாரிசுரிமை அவரை அந்தப் பெட்டிக்கு உரியவர் ஆக்கும். அதை விமானத்தில் ஏற்றும் உரிமையைத் தராது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, அதோடு அபராதம்.

5. நூறு ஆண்டு ஆகாத பழைய பொருளை அனுப்பலாம். பார்ப்பதற்குப் பழையதாக இருப்பதால், இந்தியத் தொல்லியல் துறையின் வல்லுநர் குழுவிடம் பொருளைக் காட்டி, ஆன்டிக்விட்டி அல்ல என்ற சான்றிதழ் பெற்றுக்கொள்வது வழக்கம். அந்தச் சான்றிதழ் பொருள் போலி என்று சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். அசலான 1935ஆம் ஆண்டுப் பெட்டிக்கும் அதே சான்றிதழ்தான் கிடைக்கும்.

இடிப்பு வேலையில் இன்னொரு சட்டமும் குறுக்கிடலாம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் மண்ணில் மறைந்த பொருளை மட்டுமல்ல, மண்ணோடு இணைந்த எதிலும் மறைந்திருக்கும் பொருளையும் புதையல் என்கிறது. சுவருக்குள் வைத்துப் பூசிய காசுச் செம்பு இதில் அடங்கும். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம் எழுதிய காலத்து எண். இன்று பத்து ரூபாய்க்குக் கீழே மதிப்புள்ள புதையலைக் கற்பனை செய்வதே கடினம். இங்கே வயது வரம்பு கிடையாது என்பதால் ஆன்டிக்கா ஆன்டிக்விட்டியா என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லை.

ஒரே ரசீது, இரண்டு துறைமுகம்

இந்தச் சொற்குழப்பம் மிகவும் கடுமையாகக் கடிக்கிற இடம் ரசீது. வெளிநாட்டில் வாங்குபவர்களில் விவரம் தெரிந்தவர்கள் "நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஆன்டிக் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பார்கள். அவர்கள் பக்கத்தில் அதற்கு நியாயம் இருக்கிறது. 97.06 தலைப்பில் வரும் பொருளுக்கு அமெரிக்காவின் வழக்கமான சுங்கப் பட்டியலில் வரி இல்லை. பிரிட்டனில் இறக்குமதி மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம் என்ற குறைந்த அளவில் விழுகிறது. அதற்கு நூறு ஆண்டைத் தாண்டியதற்கான எழுத்துச் சான்று வேண்டும்.

அவரை மகிழ்விக்க அப்படியொரு வரி எழுதிக் கொடுக்கும் காரைக்குடிக் கடைக்காரர், இந்தியச் சட்டத்தின்படி ஆன்டிக்விட்டியை அனுப்புவதாகத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் ஆகிறார். பொருள் உண்மையில் 1940ஆம் ஆண்டினதாக இருந்து, விலைக்காக மட்டும் நூறு ஆண்டு என்று எழுதியிருந்தால் அங்கே பொய் அறிவிப்பு, இங்கே தேவையற்ற விசாரணை. ஆன்டிக்விட்டி அல்ல என்ற சான்றிதழையும், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஆன்டிக் என்ற ரசீதையும் ஒரே பெட்டியோடு சேர்த்து அனுப்பினால் அந்த இரண்டு காகிதங்களில் ஒன்று பொய் என்பதை எந்தத் துறைமுக அலுவலரும் கண்டுபிடித்துவிடுவார்.

வரம்பின் விளிம்பில் ஒரு மயிரிழை வேறுபாடும் உண்டு. இந்தியச் சட்டம் 'நூறு ஆண்டுக்குக் குறையாத' என்கிறது. சுங்கப் பட்டியல் 'நூறு ஆண்டுக்கு மேற்பட்ட' என்கிறது. சரியாக நூறு நிறைந்த பொருள் இங்கே வெளியேற முடியாது. அங்கே சலுகையும் பெறாது. ரசீதில் எழுத வேண்டியது ஆன்டிக் என்ற ஒற்றைச் சொல் அல்ல: பொருள் எது, எந்த மரம் அல்லது உலோகம், எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது, தெரிந்த ஆண்டு எது, அந்த ஆண்டை எந்த ஆவணம் சொல்கிறது, பழுதுபார்த்தபோது புதிதாகச் சேர்த்த பாகங்கள் எவை. வீட்டை இடிக்க விலை பேசும்போதே கட்டுமானக் கணக்கின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளும் வியாபாரிக்கு இந்த ஆறு வரிகளையும் நிரப்ப அரை மணி நேரம்கூட ஆகாது.